பற்றவைப்பு நிலையம்: தேர்வும் தெளிவும்

பொன்னோடு பொன்னைப் பொருத்தும் கொல்லர் இடையில் இட்டு உருக்கும் கலவைக்கு 'ஆசு' என்றும் 'பற்றாசு' என்றும் தமிழில் பெயர். நேரிசை வெண்பாவில் முதற்குறளும் தனிச்சொல்லும் ஓசையால் ஒட்டாது விட்டிசைக்கும் இடத்தில் ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பதை 'ஆசிடை நேரிசை வெண்பா' என்று யாப்பு நூலார் வழங்கினர். பட்டறைச் சொல் செய்யுளுக்குச் சென்ற வரலாறு அது. அதே ஆசு இன்று மின்னணுச் சுற்றுகளை இணைக்கும் ஈயக்கம்பியாக நம் மாணவர்தம் மேசைமீது கிடக்கின்றது. வானொலிப் பெட்டியும் சிறு எந்திரனும் செய்து பழகும் மாணவர் பலர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எளிய சால்டரிங் அயர்னைக் கொண்டு தொடங்கிச் சில திங்களில் 'இதனினும் நல்ல ஒன்று வேண்டும்' என்னும் நிலைக்கு வருகின்றனர். உதவித்தொகையில் மிச்சம்பிடித்த பணத்தையோ பெற்றோர் மனமுவந்து அளிக்கும் பணத்தையோ கொண்டு வாங்கும் கருவி அது. எதைக் கண்டு அதனை வாங்க வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராய்வது.

முதற்கண் பற்றவைப்பில் நிகழ்வது யாதெனக் காண்போம். 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த கம்பி 183 பாகை செல்சியஸில் உருகும். எனினும் கம்பி உருகிவிட்டால் பற்றிவிட்டது என்று கொள்ளுதல் பிழை. பலகையின் செம்புத் தடமும் உறுப்பின் காலும் அந்த வெப்பநிலையைக் கடந்து சூடேறினால்தான் உருகிய வெள்ளீயம் செம்போடு கலந்து மிக மெல்லிய கலப்புப் படலம் ஒன்றை உண்டாக்கும். பிணைப்பு என்பது அந்தப் படலமே. உலோகம் சூடேறாத இடத்தில் உருகிய ஈயம் தாமரை இலைத் தண்ணீராய் ஒட்டாது நிற்கும். தொலைக்காட்சி பழுதுபார்ப்போர் 'டிரை சால்டர்' என்று சொல்வது இதனைத்தான். பார்வைக்குக் குறை தெரியாது. கண்காட்சி நாளில் மேசை சற்றே அசைந்தால் சுற்று நின்றுபோகும். மாணவர் ஐ.சி.யை ஐயுறுவர், நிரலை ஐயுறுவர். பற்றை ஐயுறுவார் அரியர்.

எளிய 25 வாட் அயர்னில் வெப்பத்தை அளவிடும் உறுப்பு எதுவும் இல்லை. மின்சாரம் ஓயாது பாயும். எவ்வளவு வெப்பம் காற்றில் இழக்கப்படுகிறதோ அதைப் பொறுத்து நுனியின் சூடு நிற்கும். சும்மா கிடக்கையில் அது 400 பாகையையும் எட்டக்கூடும். அகன்ற செம்புப் பரப்பில் வைத்த கணமே சரசரவென இறங்கும். சிறு தடத்தைக் கருக்கிப் பெயர்த்துவிடுவதும், பெரிய பரப்பில் ஈயத்தை உருக்க மாட்டாமல் திணறுவதும் ஒரே கருவியின் இரு குறைகள்.

இக்குறையைத் தீர்க்க எழுந்ததே வெப்பக் கட்டுப்பாடுடைய நிலையம். அமெரிக்காவின் வெல்லர் நிறுவனம் கையாண்ட ஒரு முறை நம் இயற்பியல் மாணவர்க்குச் சுவையூட்டுவது. ஒவ்வொரு காந்தப் பொருளுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு; அதனைக் கடந்தால் அதன் காந்த ஈர்ப்பு மறையும். அதனைக் கியூரி வெப்பநிலை என்பர். வெல்லர் நுனியின் பின்புறத்தில் ஓர் உலோகக் கலவைத் துண்டு இருக்கும். குளிர்ந்த நிலையில் அது ஒரு காந்தத்தை ஈர்த்து மின்சுவிட்சை மூடும். கியூரி வெப்பநிலை வந்ததும் ஈர்ப்பு அகல, வில் காந்தத்தைப் பின்னிழுக்க, மின்சாரம் நிற்கும். நுனியில் 6, 7, 8 எனப் பொறித்திருப்பர். அவை 600, 700, 800 பாகை பாரன்ஹீட்டைக் குறிக்கும். அதாவது ஏறத்தாழ 315, 370, 425 பாகை செல்சியஸ். திருகும் குமிழ் இல்லை, எண் காட்டும் திரை இல்லை. ஆயினும் சூடு நிலைத்து நின்றது. திரை மின்னுவதைக் கண்டு மயங்குவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

வாட் எண்ணைக் கண்டும் மயங்குவர் பலர். விளக்கின் சுடரில் அண்டா நீரைக் காய்ச்ச இயலாது. சுடரின் சூடு குறைவு என்பதால் அன்று, அது தரும் வெப்பத்தின் அளவு குறைவு என்பதால். வாட் என்பது நொடிதோறும் தரக்கூடிய வெப்பத்தின் அளவு. அந்த வெப்பம் நுனிக்கு வந்து சேர்கிறதா என்பது வேறு வினா. ஜப்பானின் ஹாக்கோ நிறுவனம் வெளியிட்டுப் புகழ்பெற்ற 936 என்னும் நிலையத்தில் வெப்பமூட்டியும் உணரியும் ஒரு பீங்கான் குச்சிக்குள் இருந்தன. நுனி அதன்மேல் உறையாகச் செருகப்பட்டது. அந்நிறுவனம் பின்னர் அதனை நிறுத்தி எஃப்.எக்ஸ். 888 வரிசையைக் கொணர்ந்தது. 936இன் போலிகளோ இன்றும் பல பெயர்களில் உலவுகின்றன. போலிகள் அனைத்தும் தீயவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் உறை தளர்வாக அமைந்தால் குச்சிக்கும் நுனிக்கும் இடையே காற்று நிற்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. திரை 350 என்று காட்டும். நுனியோ அதற்கு வெகு கீழே இருக்கும்.

வெப்பமூட்டியும் உணரியும் நுனியும் ஒரே துண்டாக அமைந்தது மற்றொரு வகை. ஹாக்கோவின் டி12, ஸ்பெயின் நாட்டு ஜேபிசி நிறுவனத்தின் சி245 ஆகிய நுனிகள் இவ்வகையின. இழந்த வெப்பத்தை உணரி உடனே அறிகிறது. வெப்பமூட்டி உடனே ஈடுசெய்கிறது. இதுவே நாம் பணம் கொடுத்து வாங்க வேண்டிய பண்பு. பெரும் பொருள் செலவிட இயலாத மாணவர், டி12 நுனி ஏற்கும் நிலையத்தை உறை வகைப் போலியினும் மேலாகக் கருதலாம் என்பது நம் துணிபு.

நுனியின் வடிவமும் ஈண்டுப் பேசத்தக்கது. கடைகளில் 'பிட்' எனப்படும் இந்நுனி, கருவியோடு வரும்போது பெரும்பாலும் ஊசிபோல் கூர்ந்திருக்கும். நுண்ணிய வேலைக்கு நுண்ணிய நுனி என்று புதியவர் மகிழ்வர். ஆனால் ஊசிமுனை பலகையைத் தொடும் பரப்பு மிகச் சிறிது. அதன்வழி வெப்பம் செல்லாது. பின் அவர்கள் சூட்டைக் கூட்டுவர்; கூட்டினால் பலகை கருகும். 2.4 மில்லிமீட்டர் அகலமுள்ள உளிவடிவ நுனி ஒன்று பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். அதனோடு 320 முதல் 350 பாகை வரையிலான அமைப்பும் போதும்.

கடையில் வாங்கும்போது, சென்னை ரிச்சி தெருவாயினும் உள்ளூர்க் கடையாயினும், பழைய கணினியின் மின்வழங்கிப் பலகை ஒன்றைக் கையோடு கொண்டு செல்க. அதன் அகன்ற செம்புப் பரப்பில் ஒரு பற்றை உருக்கிக் காட்டச் சொல்க. இரண்டு மூன்று நொடிகளில் பளிச்சென்று உருகிப் பரவினால் நன்று. கூழாகக் குழைந்தால் விட்டுவிடுக. அடுத்தது நில இணைப்பு. மின்இணைப்பைக் கழற்றிவிட்டு, பிளக்கின் தடித்த மூன்றாம் காலிலும் நுனியிலும் மல்டிமீட்டரின் கம்பிகளை வைத்தால் ஓரிரு ஓம் காட்ட வேண்டும். இணைப்பே இல்லாத போலிகளும் விற்கப்படுகின்றன. நுனியில் கசியும் மின்னழுத்தம் மாஸ்பெட் போன்ற உறுப்புகளைக் கொன்றுவிடும். பிழையான கம்பியமைப்பு கைப்பிடித்தவர் உயிருக்கும் கேடு. யு.எஸ்.பி. மின்னூட்டியில் இயங்கும் பைன்சில் போன்ற கையடக்கக் கருவிகள் விடுதி மாணவர்க்கு ஏற்றவையே. எனினும் இருகால் மின்னூட்டியில் நில இணைப்பு இராது. தனியே ஒரு நிலக்கம்பி கோத்துக்கொள்ளுதல் நன்று. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொணரும் நிலையமாயின் அது 230 வோல்ட்டுக்கு உரியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் ஈயம் உருக்குவது குறித்துப் பெரியோர் அஞ்சுவது இயல்பு. பற்றவைக்கும் சூட்டில் காரீயம் குறிப்பிடத்தக்க அளவில் ஆவியாவதில்லை. எழும் புகை கம்பிக்குள் இருக்கும் பைன் மரப் பிசினின் புகை. அது மூச்சுக்குழலை வருத்தும், ஈளைநோய் உடையார்க்கு மிகுதியும். சன்னலைத் திறந்து, சிறு விசிறியால் புகையை முகத்திலிருந்து விலக்குதல் தகும். காரீயம் உடலுக்குள் செல்வது கைவழி. ஆகவே உண்ணும் மேசையில் இவ்வேலை கூடாது, முடித்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியபின் காரீயமற்ற கம்பிகள் பரவின. வெள்ளீயத்தோடு 3 விழுக்காடு வெள்ளியும் அரை விழுக்காடு செம்பும் சேர்ந்த அவை 217 பாகையை ஒட்டியே உருகத் தொடங்கும். அவற்றைக் கொண்டு பழக விரும்புவோர்க்கு நல்ல நிலையத்தின் தேவை இன்னும் மிகுதி.

நுனியின் உள்ளே இருப்பது செம்பு. மேலே இரும்புப் பூச்சு. உருகிய வெள்ளீயம் செம்பைக் கரைத்துவிடும் ஆதலால் அப்பூச்சே காவல். அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்தால் பூச்சு போய்விடும். பித்தளைச் சுருளில் குத்தித் துடைத்து, அணைக்குமுன் சிறிது ஈயத்தைப் பூசி வைத்தால் நுனி நெடுநாள் உழைக்கும்.