மரத்துப்போன மனமும் மன்றாட்டு ஜெபமும்



காணிக்கையோடு வரும் உங்கள் கடிதங்களில் சிலர் ஒரு வேதனையை எழுதுகிறீர்கள். யுத்தம், வெள்ளம், வியாதி என்று நாள்தோறும் கேட்டுக் கேட்டு மனம் மரத்துப்போயிற்று. முழங்கால்படியிட்டாலும் உள்ளத்தில் இரக்கம் சுரப்பதில்லை. இப்படி ஜெபிப்பது மாய்மாலம் ஆகாதா என்று கேட்கிறீர்கள். எங்களுக்கும் இது அந்நியமான கேள்வி அல்ல. 2021-ஆம் ஆண்டு மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்சுகள் வாசலில் காத்துநின்ற நாட்களில், எங்கள் செவிலியர் சகோதரிகள் சிலர், "அழுகைகூட வரவில்லை ஐயா" என்றார்கள்.

இரக்கம் வந்தபின்பே ஜெபிக்கவேண்டும் என்று எண்ணுவதால்தான் நாம் தடுமாறுகிறோம். மாற்கு சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்தைப் பாருங்கள். கப்பர்நகூமில் சாயங்காலத்தில் பட்டணமே வாசலில் கூடிவர, நம் ஆண்டவர் பலரைச் சுகமாக்குகிறார். மறுநாள் விடியுமுன் வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். அதன்பின் ஒரு குஷ்டரோகி வருகிறான். அவர் மனதுருகி, அவன் சுத்தமாகுமுன்பே கைநீட்டித் தொடுகிறார். இது அதனால் வந்தது என்று மாற்கு சொல்லவில்லை. என்றாலும் அந்த வரிசையை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 'மனதுருகி' என்று நம் வேதாகமம் தரும் கிரேக்கச் சொல், குடல் முதலான உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. பெற்ற வயிறு பதறுகிறது என்று நம் தாய்மார் சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான்.

சரி, மனம் பதறாத நாளில் என்ன செய்வது? பேரைச் சொல்லி ஜெபிப்பது ஒன்று. "வியாதியஸ்தர் எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று பொதுவாகச் சொல்லும்போது நம் உள்ளத்தில் ஒருவருடைய முகமும் வருவதில்லை. ஆகையால் எங்கள் காலை ஜெபத்தில், படுக்கைப் படுக்கையாக, இவருக்கு இன்று எது பயம், வீட்டில் யார் சோறு பொங்குகிறார்கள் என்று யோசித்து, சற்று மவுனமாயிருந்து ஜெபிக்கிறோம். வார்டில் ஒருவரோடு ஜெபிக்குமுன் அவருடைய சம்மதம் கேட்கிறோம். வேண்டாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறோம், அதுவும் வீண்போவதில்லை.

கடினமானது, பிடிக்காதவர்களுக்காக ஜெபிப்பது. குடித்துவிட்டு மனைவியை அடித்து, அதே இரவில் விபத்தில் சிக்கி வருகிறவனுக்கும் இங்கே கட்டுப்போட வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் டீட்ரிக் போன்ஹோஃபர் ஃபிங்கன்வால்டேயில் நடத்திய குருத்துவப் பயிற்சிப் பள்ளியை நாசி அரசின் காவல்துறை 1937-இல் மூடியது. மறு ஆண்டு எழுதிய சிறு நூலில் அவர், எவனுக்காக மன்றாடுகிறோமோ அவனை வெறுக்க முடியாமற்போகும், அவன் முகமே நமக்கு வேறாகத் தெரியும் என்ற கருத்தை விளக்குகிறார். சொகுசாக இருந்து எழுதினதல்ல. 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். அடித்தவனுக்காக ஜெபிப்பது அவன் செய்ததை மூடிமறைப்பதல்ல. அந்தப் பெண்ணுக்கு அடைக்கலம் தேடித்தராமல் அவனுக்காக மட்டும் ஜெபித்தால், அந்த ஜெபத்தில் ஏதோ குறைகிறது.

புலம்பலுக்கும் இடம் கொடுங்கள். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலே. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. ஆறுதல் சொல்ல அவசரப்படும் நம் சபைகளில் அதை அதிகமாய் வாசிப்பதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனிடம் "தேவசித்தம்" என்று சொல்வதைவிட, அவரோடு அதை மெதுவாய் வாசிப்பது மேல் என்பது எங்கள் எண்ணம்.

எங்கள் நோயாளிகளின் பெயர்களை இதில் அச்சிடுவது முறையல்ல. எனவே உங்கள் தெருவிலேயே படுத்த படுக்கையாயிருக்கும் ஒருவருடைய பேரைச் சொல்லித் தொடங்குங்கள்; ஒரு வாரம் ஜெபித்தபின் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். எங்களுக்காக மன்றாடும்போது இரவுப் பணியிலிருக்கும் செவிலியர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு மேல், கூடவந்தவர்களும் அயர்ந்து தூங்கிவிட்ட பிறகு, கூப்பிடுகிற நோயாளியிடம் எழுந்து போக அவர்களைத் தவிர வேறு ஆள் இல்லை.