மலையேறும் நாட்காட்டி

1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரமும், 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. இப்படி எல்லை மாறும்போதெல்லாம், யாருக்கு எழுதுவது, எந்த எண்ணில் பேசுவது, எந்தக் கிழமையில் எங்கே ஆலோசனைக் கூட்டம் என்னும் விவரங்களும் மாறிவிடுகின்றன. அவை ஒருவருடைய கைபேசியில் ஒரு விதமாகவும், அவரே உட்காரும் மேசைக் கணினியில் வேறு விதமாகவும் தங்கிவிட்டால், பழைய எண்ணுக்குப் பேசிப் பேசிப் பொழுது போவதுதான் மிச்சம். இந்த அவஸ்தைக்குப் பரிகாரமாக ஏற்பட்டதே ஒத்திசைவு. மூலப்பிரதி சர்வரில் இருக்க, கைபேசியும் கணினியும் அதனோடு தத்தம் பிரதிகளை அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளும்.

வெவ்வேறு ஸ்தாபனங்கள் செய்த கருவிகள் இவ்வாறு சம்பாஷிக்க வேண்டுமானால் பொதுவான விதிகள் வேண்டுமல்லவா? நாட்குறிப்பை எழுதும் ஐகேலண்டர் வடிவம் 1998-இலும், அதனைச் சர்வரோடு பரிமாறும் கால்டேவ் நெறி 2007-இலும், முகவரிகளுக்குரிய கார்டேவ் 2011-இலும் பிரசுரமாயின. இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்ட் என்னும் அஞ்சல் மென்பொருளில் நாட்காட்டி 2020 முதலும், கார்டேவ் வசதி 2021 முதலும் உள்ளுறுப்புகளாகவே அமைந்துவிட்டன. கூகுளும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவும் இந்த நெறிகளை ஏற்பவை. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்சோ தனி வழக்கு உடையது, அதன் நாட்காட்டியைத் தண்டர்பேர்டுக்குக் கொண்டுவரத் துணைநிரல் தேவைப்பட்டு வந்திருக்கிறது. செய்முறை சுலபம்: புதிய நாட்காட்டி இணையத்தில் உள்ளது என்று குறித்து, பயனர் பெயரும் சர்வர் முகவரியும் கொடுத்தால் போதும். இரட்டைச் சரிபார்ப்பு உள்ள கணக்குகள் சிலவற்றில் மட்டும், வழக்கமான கடவுச்சொல்லுக்குப் பதிலாக இம்மென்பொருளுக்கென்றே ஒன்றை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் பிரவுசரிலேயே பார்த்துவிடலாமே, மேசைக் கணினியில் பிரதி எதற்கு என்று கேட்பவர், கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலைத் தாலுகாவின் தலைமையிடமான வெள்ளிமலைக்கு ஒருமுறை பிரயாணம் செய்து பார்க்கட்டும். கைபேசிச் சமிக்ஞை வளைவுக்கு வளைவு வந்து போகும் அந்தப் பிரதேசத்தில், சர்வரை எட்டாத பிரவுசர் வெறும் வெள்ளைத் திரைதான். ‘இணைப்பின்றியும் வைத்திரு’ என்று குறிக்கப்பட்ட மென்பொருளோ, கடைசியாக வந்த கூட்ட நேரங்களையும் எண்களையும் எப்போதும் காட்டும். இணைப்பு மீண்டதும் முழுவதையும் மறுபடி இறக்குவதில்லை. எழுத்தர் தம் தன்பதிவேட்டில் கடைசியாகப் பதிந்த எண்ணைப் பார்த்து அடுத்ததிலிருந்து தொடர்வது போல, சென்ற முறை சர்வர் கொடுத்த அடையாளக் குறியைத் திருப்பிக் காட்டி, அதற்குப் பின் மாறியவற்றை மட்டும் வாங்கிக்கொள்ளும். 2012-இல் வகுத்த இந்த ஏற்பாட்டையே நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன்.

திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சிகளில்தான் சூட்சுமம் இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளையோ, ஜனவரி 26, ஆகஸ்ட் 15 போன்ற தேதிகளில் கூடும் கிராம சபையையோ ஒரே முறை எழுதினால் ஆண்டாண்டுக்கும் அது தானாக விரியும். ஆனால் உளுந்தூர்ப்பேட்டைத் தாலுகாவின் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி வருவது. ஆங்கில மாதத்தையும் கிழமையையும் மட்டுமே அறிந்த சாதாரண நாட்காட்டி விதியில் திதிக்கு இடமில்லை. ஆகவே பந்தோபஸ்துக்கும் பேருந்துக்கும் ஏற்பாடு செய்கிறவர் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆண்டுதோறும் அதனைக் கையாலேயே பதிய வேண்டும். முகவரிகளிலும் இதே சங்கடம் உண்டு. குடும்பப் பெயருக்கென்று தனிக் கட்டம் வைத்த படிவத்தில் நம் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைப் போட்டால், அகரவரிசை முழுவதும் தகப்பன்மாருக்கே போய்விடும்! காட்சிப்பெயர் என்ற கட்டத்தில் முழுப்பெயரை எழுதி, அதன்படி வரிசைப்படுத்துவது உசிதம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஒத்திசைவு வேறு, காப்புப்பிரதி வேறு. மேசைக் கணினியில் தவறுதலாக அழித்த முகவரி சர்வரிலும் அழிந்து, அங்கிருந்து கைபேசியிலும் அழியும். ஆதலால் முதன்முறை இணைப்பதற்கு முன்பே முகவரிகளை விகார்டு கோப்பாகவும், நாட்காட்டியை ஐகேலண்டர் கோப்பாகவும் ஏற்றுமதி செய்து பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதனைப் புதுப்பித்தால் போதும்.