கல்வி, அன்பு, நீதி: கொற்கைப் பாண்டியர் எழுப்பும் வினா

தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரலை அடுத்துள்ள கொற்கை, பாண்டியரின் பழைய முத்துத் துறைமுகம். இன்று கடலிலிருந்து விலகி உள்நாட்டில் நிற்கிறது. பாண்டியர் தொடர்பான இரு இலக்கியச் சான்றுகளைக் கொண்டு, கல்வி, அன்பு, நீதி, மகிழ்ச்சி ஆகியவற்றிடையே உள்ள முரணை இக்கட்டுரை விளக்குகிறது.

புறநானூற்றின் 183ஆம் பாடல் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளுள்ளும் கற்றவனிடமே தாயின் மனம் சாயும். அரசும் அறிவுடையோன் வழியே செல்லும். கீழ்ப்பாலில் பிறந்தவன் கற்பின் மேற்பாலானும் அவனைச் சார்வான் என்பது அதன் கருத்து. தாயன்பும் சமமானதன்று என ஒப்பும் இப்பாடல், மனிதனின் தகுதியைப் பிறப்பிலிருந்து பிரித்து அவன் முயற்சியில் வைக்கிறது.

சிலப்பதிகாரம் காட்டும் நெடுஞ்செழியன், ஆராயாது கோவலனைக் கொல்வித்த பிழையை உணர்ந்தவுடன் தன்னையே கள்வன் எனக் கூறி உயிர்நீத்தான். குற்றம் செய்தவரையே சாரும் என்பது அவ்விறப்பின் பொருள். பின்னர் நிகழ்ந்தது வேறு. மழையின்றி நாடு வாட, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான். மழை பெய்து துன்பம் நீங்கிற்று என உரைபெறு கட்டுரை கூறும். வஞ்சித்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர்.

இது வரலாற்று நிகழ்ச்சியா என்பது தனி ஆய்வுக்குரியது. அறநோக்கில் எழும் வினா இதுவே: தகுதியைத் தனிமனிதனிடம் காணும் சிந்தனை மரபு, குற்றத்தை மட்டும் ஒரு தொழிற்குலத்தின்மேல் ஏற்றலாமா? நாட்டின் மகிழ்ச்சி மீண்டமை அக்கொலையை நீதியாக்காது. கற்று உயரும் உரிமை ஒருவனுக்குத் தனியே உண்டெனின், பிறர் குற்றத்திற்காகத் தண்டிக்கப்படாதிருக்கும் உரிமையும் அவனுக்கு உண்டு.