பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு வழங்கிய 'மட்வில்லனி'

வானொலியில் ஒரு பாடல் ஒலிக்கும்போது அதனைப் பாடியவர் யார் என்று கேட்பதே நம்மிற் பலரது முதல் வழக்கமாகும். இசையமைத்தவர் யார், வரிகளை எழுதியவர் யார் என்ற வினாக்கள் அதன் பின்னரே எழுகின்றன. தமிழ்த் திரையிசையில் இசையமைப்பாளரின் பெயர் பாடகரின் பெயருக்கு நிகராக நிலைபெற்றுவிட்டது என்பது உண்மையே. ஆனால் அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவிய ஹிப்ஹொப் இசையின் நிலைமை நீண்டகாலமாக வேறாகவே இருந்து வந்துள்ளது. அங்கு குரல் கொடுப்பவரின் முகம் இசைத்தட்டின் அட்டை முழுவதையும் நிறைத்திருக்க, அக்குரலுக்கு அடித்தளமாக அமைந்த இசையை உருவாக்கியவரின் பெயர் பெரும்பாலும் பின்னட்டையிற் சிறிய எழுத்துகளில் ஒதுங்கிக்கொள்கின்றது.

இந்த வழமையிலிருந்து விலகி நின்ற இசைத்தொகுப்புகளுள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கது, 2004 ஆம் ஆண்டு மார்ச் 23 ஆம் திகதி வெளியான 'மட்வில்லனி' ஆகும். எம்.எஃப். டூம் என்ற சொல்லிசைக் கலைஞரும் மட்லிப் என்ற இசைத் தயாரிப்பாளரும் இணைந்து, 'மட்வில்லன்' என்ற பொதுப் பெயரில் இதனை வெளியிட்டனர். ஒருவரின் பெயரிலிருந்து 'மட்' என்ற பகுதியும், மற்றவர் மேடையில் ஏற்றிருந்த வில்லன் வேடமும் சேர்ந்து பிறந்த பெயர் அது. ஒரு படைப்பின் ஆசிரியர் யார் என்ற வினாவுக்கு இருவரும் அளித்த விடையாகவே அப்பெயரைக் கொள்ளலாம்.

இங்கு 'தயாரிப்பாளர்' என்ற சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகின்றது. சினிமாத் துறையில் பணம் முதலிடுபவரையே நாம் தயாரிப்பாளர் என்கின்றோம். ஹிப்ஹொப்பிலோ தாளத்தையும் இசையையும் கட்டியமைப்பவரே தயாரிப்பாளர் எனப்படுகின்றார். பழைய இசைத்தட்டுகளைத் தேடியெடுத்து, அவற்றிலிருந்து சில வினாடிகள் நீளமான துணுக்குகளை வெட்டி, சுழற்சியாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, அதன்மேல் முரசொலியையும் பிற ஒலிகளையும் அடுக்கிப் புதியதோர் இசையை ஆக்குவதே அவரது பணியாகும். இந்த முறையே 'சாம்ப்ளிங்' எனப்படுகின்றது.

வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால், இந்தத் தயாரிப்பாளரின் முன்னோடியே ஹிப்ஹொப்பின் முதல் நாயகன் என்பது புலனாகும். 1973 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11 ஆம் திகதி நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியிலுள்ள ஒரு தொடர்மாடிக் கட்டடத்தில் நடைபெற்ற விருந்தொன்றே ஹிப்ஹொப்பின் பிறப்பிடமாகக் கருதப்படுகின்றது. அங்கு இசைத்தட்டுகளைச் சுழற்றியவர், ஜமேய்க்காவிலிருந்து குடிபெயர்ந்த கூல் ஹேர்க் என்ற இளைஞர். ஒலிவாங்கியைப் பிடித்து இடையிடையே வார்த்தைகளை வீசியவர்கள் அவருக்குத் துணைவர்களாகவே நின்றனர். 1979 இற்குப் பின்னர் இசைத்தட்டு நிறுவனங்கள் இத்துறையில் நுழைந்தபோது, விற்பனைக்கு ஒரு முகமும் ஒரு குரலும் தேவைப்பட்டன. அதனால் துணைவர் நாயகராகவும் நாயகர் துணைவராகவும் இடம் மாறினர். 1987 இல் வெளியான எரிக் பி மற்றும் ரக்கீம் இணையரின் 'பெய்ட் இன் ஃபுல்', 1992 இல் வெளியான பீட் ரொக் மற்றும் சி.எல். ஸ்மூத் இணையரின் தொகுப்பு போன்றவை இரு பெயர்களையும் அட்டையில் ஏற்றி அந்தச் சமநிலையை மீட்க முயன்றன. மட்வில்லனி இந்த மரபின் தொடர்ச்சியேயாகும்.

எம்.எஃப். டூமின் இயற்பெயர் டானியல் டூமிலே. 1971 இல் லண்டனிற் பிறந்த இவர் குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, நியூயோர்க்கின் லோங் ஐலண்ட் பகுதியில் வளர்ந்தார். தம் இளைய சகோதரர் சப்ரொக்குடன் இணைந்து கே.எம்.டி. என்ற குழுவை நடத்தி, 1991 இல் முதல் தொகுப்பை வெளியிட்டார். 1993 இல், இரண்டாவது தொகுப்பு நிறைவடையும் தறுவாயில், சகோதரர் வாகனம் மோதி உயிரிழந்தார். மறு ஆண்டு, தொகுப்பின் அட்டைப்படம் சர்ச்சைக்குரியது எனக் காரணம் கூறி, எலெக்ட்ரா நிறுவனம் அதனை வெளியிடாமலே குழுவைக் கைவிட்டது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் பழைய கேலிச்சித்திர உருவம் தூக்கிலிடப்படுவதாக வரையப்பட்டிருந்த படம் அது. அந்த இழிவான உருவத்துக்கு முடிவு கட்டுவதே தம் நோக்கம் என்ற கலைஞரின் விளக்கம் எடுபடவில்லை.

தம்பியையும் தொழிலையும் ஒருசேர இழந்த டூமிலே சில ஆண்டுகள் இசையுலகில் இருந்து மறைந்திருந்தார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நியூயோர்க்கின் சிறிய அரங்கொன்றில் முகத்தைக் காலுறைத் துணியால் மறைத்துக்கொண்டு மீண்டும் ஒலிவாங்கியைப் பிடித்தார். பின்னர் அத்துணி உலோக முகமூடியாயிற்று. சித்திரக்கதைகளில் வரும் 'டொக்டர் டூம்' என்ற வில்லனின் சாயலில் அமைந்த அந்த வேடத்துடன் 1999 இல் தமது முதலாவது தனித் தொகுப்பை வெளியிட்டார். முகத்தை விற்கும் தொழிற்றுறையால் வெளியேற்றப்பட்டவர், முகமே இல்லாமல் அதற்குள் திரும்பி வந்தார் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

மட்லிப் என்று அறியப்படும் ஓட்டிஸ் ஜக்ஸன் 1973 இல் பிறந்து, கலிபோர்னியாவின் ஒக்ஸ்நாட் நகரில் வளர்ந்தவர். நேர்காணல்களை விரும்பாதவர்; பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிடுபவர். இவரும் பல பெயர்களுக்குப் பின்னால் மறைந்து இயங்கியவரே. தமது குரலின் சுருதியை உயர்த்தி, 'குவாசிமோட்டோ' என்ற கற்பனைப் பாத்திரத்தின் பெயரில் 2000 ஆம் ஆண்டு ஒரு தொகுப்பை வெளியிட்டிருந்தார். இவரது படைப்புகளை வெளியிட்டு வந்தது லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள 'ஸ்டோன்ஸ் த்ரோ' என்ற சிறிய நிறுவனமாகும்.

அந்நிறுவனத்தின் அலுவலகமாகவும் அதன் உறுப்பினர்களின் வீடாகவும் இருந்த மலைச்சரிவு இல்லமொன்றிலேயே மட்வில்லனியின் பணிகள் ஆரம்பமாயின. அவ்வீட்டின் கொங்கிரீட் பதுங்கு அறை மட்லிப்பின் இசைக்கூடமாயிருந்தது. அவர் கீழே இசையைக் கட்டியமைக்க, டூம் வெளியே அமர்ந்து வரிகளை எழுதினார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் உருவாக்கிய இசையை மற்றவர் வாங்கிச் சென்று, அதற்குரிய சொற்களுடன் திரும்பி வந்தார். 2002 இல் மட்லிப் பிரேசிலுக்குச் சென்றிருந்தபோது, சாவோ பாவ்லோ நகரின் ஹோட்டல் அறையொன்றில் சிறிய சாம்ப்ளர் கருவி, எடுத்துச் செல்லக்கூடிய இசைத்தட்டு இயந்திரம், ஒலிநாடாப் பதிவுக் கருவி ஆகியவற்றை மாத்திரம் கொண்டு, அங்கு வாங்கிய பழைய தட்டுகளிலிருந்து மேலும் பல இசைத்துண்டுகளை ஆக்கினார். பெருஞ் செலவிலான கலையகம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

ஆயினும் ஒரு பேரிடி காத்திருந்தது. நிறைவுபெறாத நிலையிலிருந்த தொகுப்பின் ஒலிநாடாப் பிரதியொன்று வெளியே கசிந்து, அதிகாரபூர்வ வெளியீட்டுக்கு ஓராண்டுக்கும் மேலான காலத்துக்கு முன்னரே இணையத்திற் பரவியது. மனமுடைந்த இருவரும் அதனை ஒருபுறம் வைத்துவிட்டு வேறு பணிகளில் இறங்கினர். 2003 இல் டூம் வேறு இரு புனைபெயர்களில் இரு தொகுப்புகளை வெளியிட்டார். அதே ஆண்டில் மட்லிப், ஜே டில்லா என்ற மற்றொரு தயாரிப்பாளருடன் இணைந்து ஒரு தொகுப்பை முடித்தார். பின்னர் மீண்டும் கூடியபோது, டூம் தம் வரிகளிற் சிலவற்றை மாற்றியதோடு, ஏற்கனவே உரத்த குரலிற் பதிவு செய்தவற்றைத் தணிந்த, அடித்தொண்டைக் குரலில் மறுபடியும் பதிவு செய்தார். இன்று நாம் கேட்கும் நிதானமான குரல், அந்தக் கசிவின் பின் வந்த மறுசிந்தனையின் விளைவேயாகும்.

தொகுப்பில் மொத்தம் 22 தடங்கள் உள்ளன. ஆனால் முழு நீளமும் ஏறத்தாழ 46 நிமிடங்களே. பெரும்பாலான பாடல்கள் மூன்று நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. வானொலிக்கெனத் திரும்பத் திரும்ப வரும் பல்லவி ஏறத்தாழ எதிலும் இல்லை. ஜாஸ் பியானோ மேதை பில் இவான்ஸ், விசித்திர ரொக் இசைக்குப் பெயர்பெற்ற ஃபிராங்க் ஸப்பா, பிரித்தானியாவின் ஜென்டில் ஜயன்ட் குழு என ஒன்றோடொன்று தொடர்பற்றவர்களின் ஒலித்துணுக்குகள் அடுத்தடுத்து வருகின்றன. 'அக்கோடியன்' என்ற பாடலில் டீடலஸ் என்ற கலைஞரின் பதிவிலிருந்து எடுக்கப்பட்ட அக்கோடியன் வாத்தியத்தின் சுழற்சி ஒன்றே பாடல் முழுவதையும் தாங்கி நிற்கின்றது.

டூமின் சொல்லாட்சியைப் புரிந்துகொள்ள நம் யாப்பிலக்கணம் கைகொடுக்கும். ஆரம்பகால ராப் பாடல்களில் ஒலி ஒப்புமை பெரும்பாலும் அடியின் இறுதிச் சொல்லில், அதாவது நாம் இயைபு என்று கூறும் இடத்தில் அமைந்திருந்தது. டூமோ ஓரடிக்குள்ளேயே மூன்று நான்கு இடங்களில், பல அசைகள் நீளத்துக்கு ஒலிகளை ஒத்துவரச் செய்து, அதே ஒலியை அடுத்தடுத்த அடிகளுக்கும் இழுத்துச் செல்கின்றார். கேட்பவர் எதிர்பார்க்கும் சொல்லைத் தவிர்த்து, அதே ஒலியுடைய வேறொரு சொல்லை வைத்து நகைக்கச் செய்கின்றார். தம்மைப் பற்றிப் பேசும்போது தன்மையை விடுத்துப் படர்க்கையிற் பேசுகின்றார். ஒரு பாடலில், தம் புனைபெயர்களுள் ஒன்றான விக்டர் வோனாகத் தோன்றி, தன் காதலியைக் கவர்ந்துகொண்ட டூமையே வசைபாடுகின்றார். இத்தனை நுட்பமான சொற்களுக்கு இடமளித்து இசை சில வேளை ஒதுங்கி நிற்கின்றது. சில தடங்களில் குரலே இல்லாமல் இசை மட்டும் பேசுகின்றது. ஒருவர் பகுதியை நீக்கினால் மற்றவர் பகுதி முழுமை பெறாது என்பதே இத்தொகுப்பின் பலமாகும்.

படைப்பாளியின் பெயர் பற்றிய இந்த வினா இவ்விருவரோடும் முடிந்துவிடுவதில்லை. துணுக்குகளாக எடுக்கப்பட்ட பழைய இசையை ஆக்கியவர்களின் பங்கு என்ன? அமெரிக்க நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலிற் பேசவில்லை. 1991 இல், பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞர் அனுமதியின்றிப் பழைய பாடலொன்றைப் பயன்படுத்திய வழக்கில் நியூயோர்க் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2005 இல், இரண்டு வினாடி அளவிலான ஒரு கிற்றார் ஒலிக்குக்கூட உரிமம் பெறவேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கூறியது. 2016 இல் மற்றொரு மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு மாறாக, மிகச் சிறிய பயன்பாடு குற்றமாகாது என்று கருத்துரைத்தது. அனுமதி பெறுவதற்கான செலவு உயர்ந்ததால், எண்பதுகளின் இறுதியில் எழுந்தவை போன்ற, நூற்றுக்கணக்கான துணுக்குகளால் நெய்யப்பட்ட தொகுப்புகள் அரிதாகிப் போயின.

இது நமக்குத் தொலைவான விவகாரமும் அன்று. 2002 இல் ட்ரூத் ஹேர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியின் பாடலொன்றில் லதா மங்கேஷ்கரின் குரல் எடுத்தாளப்பட்டிருந்தது. அந்த ஹிந்தித் திரைப்பாடலுக்கு இசையமைத்த பப்பி லஹிரியின் பெயர் குறிப்பிடப்படவில்லை. அவரது பெயரைச் சேர்க்காமல் அத்தொகுப்பைத் தொடர்ந்து விற்கக்கூடாது என 2003 இல் அமெரிக்க நீதிமன்றம் கட்டளையிட்டது. 2007 இல் ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்ட எம்.ஐ.ஏ. தமது 'கலா' தொகுப்பின் முதற் பாடலில், இளையராஜா இசையமைத்த 'தளபதி' திரைப்படப் பாடலொன்றின் இசையைப் பயன்படுத்தினார். பிறர் இசையிலிருந்து புதிய இசை பிறப்பது தவறன்று. பிறந்த இடத்தின் பெயரை மறைப்பதே தவறாகும்.

மட்வில்லனி வெளியானபோது அமெரிக்காவின் முதல் 200 தொகுப்புகளின் பட்டியலில் 179 ஆம் இடத்தையே எட்டியது. ஆயினும் விமர்சகர்களின் பாராட்டும் அடுத்த தலைமுறைக் கலைஞர்களின் மதிப்பும் ஆண்டுதோறும் வளர்ந்தன. 2020 இல் ரோலிங் ஸ்டோன் சஞ்சிகை வெளியிட்ட, எக்காலத்துக்குமான 500 சிறந்த தொகுப்புகளின் பட்டியலில் அது இடம்பெற்றது. ஆனால் அதனைப் படைத்தவர்களுள் ஒருவருக்கு அமெரிக்க மண்ணில் இடம் கிடைக்கவில்லை. குழந்தையாக வந்து சேர்ந்த நாட்டின் குடியுரிமையை ஒருபோதும் பெற்றிராத டூம், 2010 இல் ஐரோப்பியப் பயணத்தை முடித்துத் திரும்பியபோது உள்நுழைய அனுமதி மறுக்கப்பட்டார். தாம் பிறந்த இங்கிலாந்திலேயே எஞ்சிய காலத்தைக் கழித்த அவர், 2020 ஒக்டோபர் 31 ஆம் திகதி தமது 49 ஆவது வயதில் காலமானார். அச்செய்தி உலகுக்குத் தெரிய வந்தது இரு மாதங்களின் பின்னர், அவ்வாண்டின் கடைசி நாளிலாகும். ரசிகர்கள் நெடுங்காலம் எதிர்பார்த்திருந்த இரண்டாவது தொகுப்பு இருவர் கைகளிலும் நிறைவுபெறவில்லை.

இன்று இணையவழியிற் பாடல் கேட்பவர்களுக்குத் திரையில் தெரிவது பெரும்பாலும் பாடியவரின் பெயரும் படமுமே. ஏனைய உழைப்பாளிகளின் பெயர்களைத் தேடியே காணவேண்டியுள்ளது. இந்நிலையில், முகமூடி அணிந்த ஒருவரும் முன்வரத் தயங்கிய ஒருவரும் ஒரே பெயரின் கீழ் நின்று உருவாக்கிய 46 நிமிட இசை, கூட்டுப் படைப்பில் எவரும் எவருக்கும் பின்னணி அல்லர் என்பதை நினைவூட்டி நிற்கின்றது. ஒரு பாடலை விரும்பிக் கேட்பவர், அதனை ஆக்கியவர்கள் அனைவரது பெயரையும் ஒருமுறையேனும் தேடி அறிந்துகொள்வது அக்கலைஞர்களுக்குச் செலுத்தும் குறைந்தபட்ச நன்றிக்கடனாகும்.