ஏற்காடு மலையில் கார் இன்ஜின் போச்சா? ரிப்பேரா, மாத்துறதா, வித்துடுறதா: கணக்குப் போட்டுப் பார்க்கலாம்!



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷத்துல நிறைய பேர் வாங்குறது ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்டி கார். போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. நல்ல உதாரணம். 2013-ல வந்தது, 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பி.எஸ். பவர். இந்தியாவுல போலோ தயாரிப்பே 2022-ல நின்னு போச்சு, ஆனா ரசிகர்கள் குறையல. அந்த மாதிரி காரை எடுத்துட்டு வீக்கெண்ட்ல ஏற்காடு கிளம்புறீங்க. நடுவழியில டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போகுது, இன்ஜின் ஆஃப். மறுநாள் மெக்கானிக் சொல்றார்: "இன்ஜின் போச்சு தம்பி, ரெண்டு லட்சத்துக்கு மேல ஆகும்."

இந்த இடத்துல எடுக்கிற முடிவு உங்க எமர்ஜென்சி ஃபண்டையே காலி பண்ணிடலாம். அதனால நிதானமா பார்ப்போம்.

மலையில ஏன் இப்படி ஆகுது?

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஃபர்ஸ்ட், செகண்ட் கியர்ல இன்ஜினுக்கு லோடு அதிகம். வேகம் குறைவா இருக்கிறதால ரேடியேட்டருக்குள்ள போற காத்து கம்மி. மே மாசம் கோடை விழா நேரத்து டிராஃபிக்கும் சேர்ந்தா கேக்கவே வேண்டாம். கூலன்ட் ஏற்கெனவே கசிஞ்சு குறைஞ்சிருந்தா, ஹெட் கேஸ்கெட் போகும், அலுமினியம் ஹெட் வளையும். சூடு ஏறின பிறகும் "மேல போய் பார்த்துக்கலாம்"னு ஓட்டினா பிஸ்டன், பேரிங் வரைக்கும் சேதம் போகும். முள் ஏறின உடனே ஓரம் கட்டி ஆஃப் பண்ணினவருக்கும் ஓட்டிக்கிட்டே போனவருக்கும் பில் தொகையில பெரிய வித்தியாசம் வர்றது இதனாலதான்.

முதல் செலவு: டெஸ்ட்

"இன்ஜின் போச்சு"ங்கிறது ஒரு முடிவு இல்ல. எது போச்சுன்னு தெரியணும். கம்ப்ரெஷன் டெஸ்ட், லீக் டெஸ்ட், சிலிண்டருக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கிறது, ஆயிலை இறக்கிப் பார்க்கிறது. ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தா கூலன்ட் கலந்திருக்கு. ஆயில்ல உலோகத் தூள் மின்னினா பேரிங் வரைக்கும் பாதிப்பு இருக்கலாம். ரிசல்ட்டை எழுதி வாங்கி, இன்னொரு இடத்துலயும் காட்டுங்க.

உங்களுக்கு இருக்கிற வழிகள்

1. ஹெட் வேலை மட்டும்: ஹெட்டை லேத்துல கொடுத்து சமன் பண்ணி, புது கேஸ்கெட் போடுறது.
2. ஃபுல் இன்ஜின் வேலை: போரிங், ஹோனிங், பிஸ்டன் ரிங், பேரிங் எல்லாம் புதுசு.
3. பழைய இன்ஜின் வாங்கி மாத்துறது: சென்னை புதுப்பேட்டை மாதிரி மார்க்கெட்டுகள்ல கிடைக்கும்.
4. கம்பெனியில புது இன்ஜின்.
5. ஓடாத நிலையிலேயே வித்துடுறது. நிறைய பேர் மறந்து போற வழி இதுதான்.

ஒரே ஒரு ஃபார்முலா

சரி பண்ணின பிறகு கார் விலை − இப்போ இருக்கிறபடியே வித்தா கிடைக்கிற விலை = நீங்க செலவு பண்ணக்கூடிய அதிகபட்சத் தொகை.

இது உதாரணக் கணக்கு, உங்க கொட்டேஷனைப் போட்டு மாத்திக்கோங்க. ஓடுற நிலையில கார் 4,50,000. ஓடாத நிலையில 1,60,000. அப்போ எல்லை 2,90,000. எந்த வேலைக்கும் கொட்டேஷன் மேல 20% சேர்த்துக்கோங்க, இன்ஜினைப் பிரிச்ச பிறகுதான் பாதி செலவு தெரியும்.

ஹெட் வேலை 90,000, பஃபரோட 1,08,000. 1,82,000 மிச்சம், தாராளமா பண்ணலாம்.

ஃபுல் வேலை 2,20,000, பஃபரோட 2,64,000. மிச்சம் 26,000 மட்டுமே.

பழைய இன்ஜின் 1,80,000, பஃபரோட 2,16,000. ஆனா இன்ஜின் மாத்தின காருக்கு வாங்குறவர் விலை குறைப்பார். 4,10,000-ன்னு வெச்சா எல்லை 2,50,000, மிச்சம் 34,000. 8,000 ரூபாய் கூடுதல் லாபத்துக்காக, எவ்வளவு ஓடினதுன்னே தெரியாத இன்ஜினை நம்பணுமாங்கிறதுதான் கேள்வி.

புது இன்ஜின் 4,50,000-ன்னா, கார் 5,00,000-க்குப் போனாலும் எல்லை 3,40,000-தான். பஃபர் சேர்க்காமலே 1,10,000 நஷ்டம்.

லோன் போட்டா கணக்கே மாறும்

அந்த 2,64,000-ஐ 14% பர்சனல் லோன்ல 3 வருஷத்துக்கு எடுத்தா இ.எம்.ஐ. சுமார் 9,020. மொத்த வட்டி சுமார் 60,800. 26,000 லாபமா தெரிஞ்சது கிட்டத்தட்ட 35,000 நஷ்டம் ஆயிடுச்சு. பழைய இன்ஜினுக்கும் இதே கதிதான், வட்டி மட்டும் சுமார் 49,800. கையில காசு இருக்கிறவருக்கு ரிப்பேர் சரி, லோன் எடுக்கிறவருக்கு விக்கிறது சரின்னு ஒரே காருக்கு ரெண்டு பதில் வரலாம்.

அலாய் வீல், மியூசிக் சிஸ்டம், ஈ.சி.யூ. ரீமேப்னு ஏற்கெனவே போட்ட காசை இதுல சேர்க்காதீங்க. அது போன காசு. விலையில எவ்வளவு திரும்ப வருதோ அது மட்டும்தான் கணக்கு.

இன்ஷூரன்ஸ் வருமா?

பொதுவா வராது. மெக்கானிக்கல் பிரேக்டவுனும் தேய்மானமும் சாதாரண பாலிசியில விலக்கு. இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் முக்கியமா தண்ணி புகுந்தது, ஆயில் கசிவு மாதிரி சேதங்களுக்கு. கூலன்ட் குறைஞ்சு சூடானதுக்கு அதை நம்பி இருக்காதீங்க. ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருந்தா மலையில இருந்து சேலம் வரைக்கும் இறக்குற செலவாவது மிச்சமாகலாம். பாலிசியைத் திறந்து பாருங்க.

பேப்பர் வேலையை விட்டுடாதீங்க

இன்ஜினை மாத்தினா இன்ஜின் நம்பரும் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிச்சு ஆர்.சி.யில திருத்தணும். கார் லோன் இருந்தா ஃபைனான்ஸ் கம்பெனி சம்மதம் வேணும். இன்ஷூரன்ஸ்லயும் மாத்தணும். பழைய இன்ஜினுக்கு பில்லும், அது எந்த வண்டியில இருந்து வந்ததுங்கிற ஆவணமும் இல்லாம வாங்கவே வாங்காதீங்க. திருட்டு வண்டி இன்ஜினா இருந்தா சிக்கல் உங்க தலையிலதான்.

ஆர்.சி. காலத்தையும் பாருங்க. 2016-ல பதிவான காருக்கு 2031 வரைக்கும்தான், அதுக்கு மேல புதுப்பிக்கணும். மிச்சம் இருக்கிற வருஷங்களால ரிப்பேர் செலவை வகுத்தா, வருஷத்துக்கு எவ்வளவுன்னு தெரியும்.

"எனக்கு இந்தக் கார் பிடிக்கும், நஷ்டமானாலும் வெச்சுப்பேன்"னா, தாராளமா வெச்சுக்கோங்க. ஆனா அந்த நஷ்டத்தைப் பொழுதுபோக்குச் செலவுன்னு எழுதுங்க, முதலீடுன்னு எழுதாதீங்க. ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்டை மட்டும் தொடாதீங்க.

மெக்கானிக் கிட்ட "பிரிச்சுடுங்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, ரெண்டு பேர் கிட்ட "இப்படியே எவ்வளவுக்கு எடுப்பீங்க?"ன்னு கேட்டு வெச்சுக்கோங்க. அந்த நம்பர் இல்லாம மேல சொன்ன கணக்கு எதையும் போட முடியாது.