சுழியோடிகளின் தலைச்சுற்று

மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலைக் கரையோரங்களில் சங்கும் கடலட்டையும் எடுக்கச் சிலிண்டருடன் சுழியோடும் தமிழ், முஸ்லிம் தொழிலாளர்களுக்குத் தலைச்சுற்று புதிதல்ல. பசி, பித்தம், படகின் ஆட்டம் என ஏதேனும் காரணம் கூறி, இரண்டு பனடோல் குளிசைகளுடன் அதனை மறந்துவிடுவோரும் உளர். ஆனால் அது எந்த வேளையில் ஏற்பட்டது என்று கேட்டறிந்தால், அஞ்சத்தக்கதா அல்லவா என்பது பெருமளவு புலப்பட்டுவிடும்.

உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு உட்செவியில் உள்ளது. அதனை அடுத்த நடுச்செவியோ காற்று நிறைந்த சிறு அறை. கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் கூடுகிறது. தொண்டையிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழாய் திறந்து மூடியே இம்மாற்றத்தை ஈடுசெய்ய வேண்டும். தடிமன் பிடித்தவருக்கு ஒரு பக்கக் குழாய் அடைபட்டால், இரு செவிகளிலும் அமுக்கம் வேறுபட்டு, தலை சுழல்வதாக மூளை பிழையாக உணர்கிறது. மேலேறும் போதே இது அதிகம் நேர்கிறது. 1965இல் சுவீடன் ஆய்வாளர் லுண்ட்கிரென் இதனை விபரித்தார். பெரும்பாலும் சில நிமிடங்களுள் தணிந்துவிடும். எனினும் மேல் எது, கீழ் எது என்று அறியாது பதறி, மூச்சை அடக்கியவாறு விரைந்து மேலெழுந்தால் நுரையீரல் கிழியக்கூடும். கயிற்றைப் பற்றிக்கொண்டு, சீராக மூச்சு விட்டவாறு தரித்து நிற்பதே தக்கது.

இறங்கும் போது மூக்கைப் பொத்திப் பலமாக ஊதுவோருக்கு உட்செவியின் மென்சவ்வு கிழிவதுண்டு. காதிரைச்சலும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வரின் வைத்தியரிடம் செல்லத் தாமதித்தல் கூடாது. செவிப்பறை கிழிந்து குளிர்நீர் உட்புகுந்தாலும் கடுமையாகச் சுற்றும். நீர் உடற்சூட்டை அடைந்ததும் அது தணியும். ஒரு காதில் குளிர்நீர் பாய்ச்சினால் தலைசுற்றும் என்பதை ஆராய்ந்த பாரனி என்ற வைத்தியருக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

ஆழத்தில் இருக்கும் போது சுற்றினால் சுவாசிக்கும் காற்றையும் ஐயுற வேண்டும். ஒட்சிசன் சிலிண்டர் என்று பலரும் அழைத்தாலும் அதில் அடைக்கப்படுவது வழமையாகச் சாதாரண காற்றே. அதனை நிரப்பும் இயந்திரத்தின் புகை உள்ளிழுக்கப்பட்டால், மணமற்ற காபனோரொட்சைட்டும் உடன் சேர்ந்துவிடும். ஒரே இடத்தில் நிரப்பிய இருவருக்குத் தலைவலியும் சுற்றும் ஏற்படின் எஞ்சிய சிலிண்டர்களைத் தொடலாகாது. 30 மீற்றருக்குக் கீழே நைதரசனே மயக்கந்தரும். அது மேலேறியதும் தெளியும்.

நாம் அதிகம் அஞ்சுவது, படகில் ஏறிய பின்னர் தொடங்கும் சுற்றையே. ஒரே நாளில் சிலிண்டரை மாற்றி மாற்றிப் பலமுறை இறங்குவோரின் உடலில் நைதரசன் கரைந்து சேர்கிறது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாகி உட்செவியையும் தாக்கும். வாந்தியும் நடைத் தள்ளாட்டமும் தொடரும். மீண்டும் கடலில் இறக்கினால் சரியாகும் என்ற நம்பிக்கை உயிரைப் பறிக்கலாம். அவரைப் படுக்கவைத்துத் தூய ஒட்சிசன் அளித்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சிகிச்சைக்குரிய உயரமுக்க அறை எல்லா வைத்தியசாலைகளிலும் இருப்பதில்லை. வேறிடத்துக்கு மாற்ற நேரிடலாம். அவர் எவ்வளவு ஆழத்துக்கு, எத்தனை தடவை இறங்கினார், எப்போது மேலேறினார் என்பதைக் கூறவல்ல படகுத் தோழர் ஒருவரும் கூடவே செல்வது அவசியம்.