'அஸ்டேர்ன்' என்னும் கப்பற்சொல்

இரணைமடுக் குளத்து நீர் பாயும் உருத்திரபுரத்து வயல்களில், மேல்வயல், கீழ்வயல் என உழவர் கூறுகையில், கூறுபவர் எத்திசை நோக்கி நிற்கின்றார் என்பது பொருட்டன்று. நீரின் போக்கே இடத்தை வரையறுக்கின்றது. கடலோடிகளின் ஆங்கிலத்திலும் இத்தகைய வினையடைகள் உள. பேசுபவரின் முதுகுப்புறத்தைக் கருதாது, கலத்தின் பின்முனையையே அளவுகோலாகக் கொள்ளும் 'அஸ்டேர்ன்' அவற்றுள் ஒன்று.

இதனை 'ஆஃப்ட்' என்பதோடு மயக்குதல் கூடாது. மாலுமி கலத்தினுள்ளேயே பின்முனை நோக்கி நடந்தால் அது ஆஃப்ட். கலத்துக்குப் புறத்தே, அதன் பின்னால் தோணியொன்று வந்தால் அஸ்டேர்ன். இரண்டையும் 'பின்னால்' என்று தமிழில் எழுதிவிடுவது எளிது; வேறுபாடு அத்துடன் மறைந்துவிடும்.

அஸ்டேர்ன் என்பதற்குப் பின்னோக்கிய இயக்கம் என்ற பொருளும் உண்டு. சிக்கல் தோன்றுவது இங்கேதான். கடலில் மோதல்களைத் தவிர்ப்பதற்கென 1972இல் வகுக்கப்பட்டு, 1977இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக விதிகளின்படி, ஒன்றையொன்று காணக்கூடிய நிலையிலுள்ள இயந்திரக் கலங்களுள் ஒன்று மூன்று குறுகிய ஊதல்களை எழுப்பினால், அதன் உந்துவிசை 'அஸ்டேர்ன்' இயங்குகின்றது என்பது பொருள். கப்பல் பின்னே செல்கின்றது என்பது பொருளன்று. பெருங்கப்பலொன்றின் இயந்திரத்தைப் பின்முகமாக இயக்கிய பின்னரும், முன்னைய வேகத்தால் அது நெடுந்தூரம் முன்னோக்கியே செல்லும். 'நான் பின்னே செல்கின்றேன்' என்ற மொழிபெயர்ப்பை நம்பி அதன் முன்னே படகைச் செலுத்தும் மீனவரின் உயிருக்கு யார் பொறுப்பு? 'என் இயந்திரத்தைப் பின்முகமாக இயக்குகின்றேன்' என்பதே நேரிய பெயர்ப்பு. நீளம் பற்றிய குறை இங்கு எழக்கூடாது.

கலத்தின் முன்முனைக்கு 'அணியம்' என்னும் சொல் நம் மீனவரிடையே வழங்குகின்றது. ஆதலால் முன்பக்கத்துக்குப் புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவையில்லை. ஆஃப்ட் என்பதற்குச் 'சுக்கான் பக்கமாக' எனலாம் என்பது என் கருத்து. ஆயினும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகில் தனிச் சுக்கான் இல்லை. இயந்திரத்தையே திருப்பித் திசைமாற்றுவர். அங்கே 'இயந்திரப் பக்கமாக' என்றே கூறவேண்டும்.